இறக்கைக்குள் நான் கட்டிய சிலுவை

பல வருடங்களாக இதை எழுத உட்காருவேன்... பேனாவை மூடி வைத்துவிடுவேன். வெட்கம்தான், வேறென்ன?

போன வாரம் கூடுவாஞ்சேரியில் எங்கள் முதலாளிக்கு நினைவுக் கூட்டம். லேத் பட்டறையில் ஆரம்பித்து, விமான உதிரி பாகங்கள் செய்யும் ஃபேக்டரி கட்டியவர். ஐம்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டப் படித்தவர். என்னையும் பேசச் சொன்னார்கள். "தங்கமான மனுஷர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை. இனியும் எழுதாமல் தள்ளிப்போடக் கூடாது.

எங்கள் ஷெட்டிலேயே இரண்டு சீட் விமானம் ஒன்று செய்தோம். முதல் தடவை அதை ஓட்டப் போவது அவரேதான். "நான் செஞ்சதுல நான் ஏறாம வேற யாரை ஏத்துறது?" — அப்படி ஒரு பிடிவாதம்.

நான் ஃபிட்டர். எட்டாவது வரை படித்தவன். இறக்கையை மூடும் முன் டார்ச் அடித்து உள்ளே பார்த்து, ஃபோர்மேன் வேலு அண்ணனும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டோம். அவர் டீ குடிக்கப் போனார். நான் என் கழுத்திலிருந்த மரச் சிலுவையைக் கழற்றி, உள்ளே ஒரு கம்பியில் கட்டிவிட்டு மூடியைத் திருகினேன். ஆண்டவரே, சாரைக் காத்துக்கொள்ளும்!

ஒரு வாஷர் உள்ளே கிடந்தாலே, விமானத்தைத் திருப்பும் கண்ட்ரோல் கேபிள் சிக்கிக்கொள்ளும். எனக்குத் தெரியாதா? ஆனால் சிலுவையை வாஷரோடு சேர்த்து யார் நினைப்பார்கள்?

மறுநாள் காலை. விருந்தாளிகள், மாலை, போட்டோகிராபர். இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. இறக்கை அதிர்ந்தது. அந்த முடிச்சு தாங்குமா? சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்?

கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன். சார் இன்ஜினை நிறுத்தினார்.

"வலது இறக்கைல ஒரு சிலுவை கட்டிட்டேன் சார்..."

"இன்னாடா சொல்ற? கையெழுத்து போட்டப்புறமா?" வேலு அண்ணன் பாய்ந்தார். "ஜெபம் பண்ணணும்னா வூட்ல பண்றது!"

திறந்தோம். முடிச்சு அவிழ்ந்து, கேபிளுக்கு ஒரு விரல் தூரத்தில் கிடந்தது சிலுவை.

சார் அதைக் கையில் வாங்கினார். "வேண்டுதல் எனக்குத்தானே டேவிட்? அப்ப என்கிட்டயே இருக்கட்டும்." சட்டைப் பையில் போட்டுப் பட்டனை மாட்டினார். "ரெண்டு இறக்கையையும் திறந்து பாருங்க. மறுபடி கையெழுத்து போடுங்க. இன்னிக்கே பறக்கிறேன்."

பறந்தார். ஏரியை ஒரு சுற்று சுற்றி, பூப்போல இறங்கினார். என் வேலையும் போகவில்லை.

இதை யாரிடமாவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள். சிலுவைதான் விமானத்தைத் தாங்கியது என்று ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள் — ஆண்டவர் அன்றைக்கு அசைத்தது என் நாக்கை மட்டும்தான்.