எல்லோர் காதிலும் விழும்படி சொன்ன பெண்

மூன்று வருடங்களுக்கு முன், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கேபிள் கம்பெனியில் வேலை பார்த்தபோது முதல்முறையாக உண்டானேன். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது தெரிந்தது. ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்தவள் நான். ஆனால் பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றிக்கொள்ளலாம் என்றார்கள். மாமியார் என் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தார்.

ஏழாம் மாதம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தினம் ஒரு மாத்திரை எழுதினார்.

"இந்தக் கிருமி தன்னைத்தானே ஜெராக்ஸ் எடுத்துத்தான் பெருகும்மா. அதுக்கு ஒரு என்சைம் வேணும். மாத்திரை அந்த என்சைமை வேலை செய்ய விடாது. கிருமி குறைஞ்சா குழந்தைக்குப் போறதும் ரொம்பக் குறைஞ்சிடும். பொறந்ததும் ஊசியும் போட்டுடலாம்" என்றார் பொறுமையாக.

வராண்டாவுக்கு வந்ததும் மாமியார் பிடித்துக்கொண்டார். "வவுத்துல புள்ளய வச்சிக்கினு இதெல்லாம் துன்னுவியா? கிருமிய நிறுத்துற மருந்து புள்ளய இன்னா பண்ணுமோ! வாணாம், வா ஊட்டுக்கு."

எனக்கும் அதே பயம்தான். மாத்திரை வாங்காமலே கிளம்பினேன்.

எதிர் பெஞ்சில் புர்கா அணிந்த ஒரு பெண், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பழவேற்காட்டுக்காரி என்று பிறகு தெரிந்தது. சட்டென்று எழுந்து வந்து, என் கையிலிருந்த மருந்துச் சீட்டைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கும் அதே கிருமிதாம்மா. இதே மாத்திரதான் சாப்ட்டேன். இதோ எம் பொண்ணு. டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

வரிசையே திரும்பிப் பார்த்தது. அவளோடு வந்த பெரியவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இரும்மா, எல்லாரும் கேக்குறாங்க."

"கேக்கட்டும்" என்றவள், குழந்தையை மாமியாரிடம் நீட்டினாள்.

மாமியார் தயங்கினார். அதற்குள் குழந்தை தாவி அவர் மூக்குத்தியைப் பிடித்துக்கொண்டது. விடுவிக்கப் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் அதைத் தூக்கி வைத்திருந்தவர், என் பக்கம் திரும்பி, "மாத்திர எங்க குடுக்குறாங்க?" என்றார்.

அன்றிலிருந்து வேளை தவறாமல் மாத்திரையை எடுத்துக் கொடுத்ததே அவர்தான். தனித்தட்டு எப்போது நின்றதென்றே தெரியவில்லை. மகன் பிறந்த அன்றே ஊசிகள் போட்டார்கள். ஒரு வயதான பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிருமி இல்லை. ரிசல்ட்டைக் கேட்டதும் மாமியார், லேப் வாசல் என்றும் பாராமல் அவனைத் தூக்கிச் சுற்றினார்.

என் உடம்பில் கிருமி இன்னும் இருக்கிறது. தவறாமல் சோதனைக்குப் போய்வருகிறேன். அந்தப் பெண்ணின் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. பேசாமல் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இருந்தும் முன்பின் தெரியாத எனக்காக வாய் திறந்தாளே, எங்கோ ஒரு வராண்டாவில் பயந்து நிற்கும் இன்னொருத்திக்கும் அது கேட்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.