அண்ணி வாயை மூடக்கூடாது

"நேரா... நேரா... சின்ன மேடு, முட்டிய மடக்கு... இப்ப இடது, லேசா... நேரா..."

கொள்ளிடக் கரைச் சாலையில் காலை ஐந்தரை மணிக்கு அனுசுயாவின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. காலில் சக்கரம் பொருத்திய நீளக் கட்டைகள், இரண்டு கையிலும் ஊன்றுகோல், தலையில் ஹெல்மெட், இடுப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கர். ஏழெட்டு அடி பின்னால், அந்தக் குரலை மட்டுமே பிடித்துக்கொண்டு, அதே மாதிரிக் கட்டைகளில் வந்தாள் தேவதர்ஷினி. அனுசுயாவின் நாத்தனார். பதினான்கு வயதில் பார்வை போனவள். பார்வையற்றோருக்கான பனிச்சறுக்குப் போட்டியில், முன்னால் போகும் 'கைடு' வழி சொல்லச் சொல்லப் பின்னால் வருகிறவர் பாய வேண்டும். பனிக்குத் திருச்சியில் எங்கே போவது? தார்ச்சாலைதான் இவர்களுக்குப் பனிமலை.

பள்ளி நாட்களில் ஸ்கேட்டிங்கில் கோப்பை வாங்கியவள் அனுசுயா. இப்போது பாலக்கரை மருந்துக்கடை ஒன்றில் வேலை. வழி சொல்லிச் சொல்லி அதுவே வியாதியாகிவிட்டது. மருந்து வாங்க வருகிறவர்களிடம், "படி இருக்குங்க, பாத்து... இடது பக்கம் வாங்க" என்பாள். தூக்கத்திலும் "வலது, வலது" என்று புலம்புவாள். "அதைக் கேட்டு நான் கட்டில்லேருந்து விழுந்ததுதான் மிச்சம்" என்பான் கணவன் காத்தமுத்து.

அவளிடம் ஒரே ஒரு குறை. பயந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். போன மாதம் குறுக்கே ஒரு நாய் பாய்ந்தபோது, இரண்டே விநாடி குரல் வரவில்லை. தேவதர்ஷினியின் தாடையில் நாலு தையல்.

மூன்று நாளைக்கு முன், துணி உலர்த்த மாடிக்குப் போன அனுசுயாவின் காதில் அது விழுந்தது. தேவதர்ஷினி பயிற்சியாளரிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள்: "மேடம், எனக்கு வேற கைடு கிடைப்பாங்களா?"

அன்றிலிருந்து வீட்டில் பேச்சில்லை. "சாம்பார் சூடு, டம்ளர் வலது கைப் பக்கம்" என்று எப்போதும் சொல்கிறவள், சொல்லாமல் தட்டை வைத்துவிட்டு நகர்ந்தாள். தேவதர்ஷினி துழாவித் துழாவி டம்ளரைக் கவிழ்த்தாள். சாலையில் மட்டும் பேச்சு. அதுவும் இடது, வலது, நேரா. நாளை மறுநாள் வடக்கே போட்டிக்கு ரயில். யார் கூட வருகிறார் என்று பயிற்சியாளரிடம் இன்று காலைக்குள் சொல்லியாக வேண்டும்.

கரையை விட்டுச் சாலை சரிந்து இறங்கும் இடம் வந்தது. இந்தக் கட்டைகளுக்குப் பிரேக் கிடையாது. பாதிச் சரிவில் வளைவு திரும்பியதும், வாழைத்தார் ஏற்றிய மினி லாரி ஒன்று நடுச்சாலையில் ஏறி வந்தது.

அனுசுயாவின் தொண்டை அடைத்தது. பின்னால் சக்கரச் சத்தம் நெருங்கியது.

"அண்ணீ!"

அந்த அலறலில் அடைப்பு உடைந்தது.

"குனி! இடது! இன்னும் இடது! கைய ஒடுக்கு... லாரி போகுது, போகுது... போயிடுச்சு. நேரா! வேற ஆளா தேடுறே, வேற ஆளு? நேரா... நாலு தையலும் உனக்கு மட்டுந்தான் வலிச்சுதுன்னு நெனச்சியாடி? வலது, லேசா... மூணு நாளா எனக்கு ஒரு வாய் சோறு இறங்கல!"

"அண்ணி, பள்ளம் இருந்தா மொதல்ல அதைச் சொல்லுங்க. அப்புறம் திட்டுங்க!"

"பள்ளந்தான் வருது! முட்டிய மடக்கு, திமிர் பிடிச்சவளே! நேரா..."

சமதளத்தில் இருவரும் ஓடி நின்றார்கள். தேவதர்ஷினியின் வலது சட்டைக்கையில் வாழைக் கறை. லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தார் ஒன்று உரசிப் போயிருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

போன் அடித்தது. பயிற்சியாளர். தேவதர்ஷினி அதை எடுத்து, அண்ணியின் மூச்சு இரைக்கும் திசையில் நீட்டினாள்.

"அண்ணிதான் வர்றாங்கன்னு நீங்களே சொல்லுங்க."

அனுசுயாவின் உதடு துடித்தது. கண்ணீர் கழுத்துவரை இறங்கியது. சரி என்று தலையை ஆட்டினாள்.

"ஹலோ? யாரும்மா கைடு? ஹலோ?" என்றது போன்.

"நீங்க தலைய ஆட்டுறது எனக்குக் கேக்குது, ஹெல்மெட் கொக்கி சத்தம் போடுது. மேடத்துக்குக் கேக்காதுல்ல! வாயத் தொறங்க அண்ணி."

அனுசுயா மறுபடியும் தலையைத்தான் ஆட்டினாள்.