நான் சொல்லாமல் வைத்திருந்த இரண்டு நாள்

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் வீடும் அலுவலகமும் மாற்றிக் கொடுக்கும் லோரி கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். எந்த லோரி எங்கே போக வேண்டும், அதில் யார் யார் ஏற வேண்டும் என்று காலையில் பட்டியல் போடுவது என் பொறுப்பு. குறுகலான படிக்கட்டுள்ள வீட்டுக்கு யாரை அனுப்பலாம், கண்ணாடி அலமாரியை யாரை நம்பித் தூக்கச் சொல்லலாம் என்பதெல்லாம் எனக்கு யோசிக்காமலே வரும். அதனால்தான் அந்தப் புதிய வேலையும் எனக்கே வரும் என்று நினைத்திருந்தேன்.

எங்களுக்கு நிறைய வேலை கொடுக்கும் வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்று, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் ஒரு நிபந்தனை போட்டது. எங்கள் கம்பெனியிலும், எங்களுக்கு ஆளும் பெட்டியும் அனுப்புகிறவர்களிடமும் ஒருவர்கூடக் கொத்தடிமையாக இல்லை என்று நாங்களே நேரில் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். முதலாளி அந்த வேலையை என்னிடம் கொடுக்கவில்லை. அலோர் ஸ்டாரிலிருந்து வந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒருத்தியிடம் கொடுத்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவள். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். அந்த மரியாதைகூட அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அவள் லோரி நிற்கும் இடத்துக்குப் போய், எங்களிடம் சாமான் தூக்கும் நேப்பாளத்து ஆட்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவர்கள் மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு தப்புத் தப்பாகப் பேசுவாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் முன்னால் ஒருவரும் அப்படிச் சிரித்ததில்லை. என் பட்டியல் தொங்கிய பலகையில் அதை ஓரமாக நகர்த்திவிட்டு, நாலு மொழியில் எழுதிய தாள் ஒன்றை நடுவில் ஒட்டினாள். 'பிரச்சினை இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள்' என்று அவளுடைய போன் நம்பர் அதில் இருந்தது. ஒவ்வொரு காலையும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் என் நாள் தொடங்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஆட்களில் வயதில் மூத்தவர் என் மேசைக்கு வந்தார். ஐம்பதை நெருங்கியவர். நான் சேர்ந்த மறு வருடத்திலிருந்து எங்களிடம் சாமான் தூக்குகிறார். மலாய் மொழியில்தான் பேசுவோம். மனைவிக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போக வேண்டும், ஆனால் பாஸ்போர்ட் தன்னிடம் இல்லை என்றார். எங்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறானாம். கேட்டுக் கேட்டு ஒரு வருடம் ஓடிவிட்டதாம். கேட்கிற ஆளை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவானாம்.

"யாருகிட்டயும் சொல்லல. உங்களத்தான் ரொம்ப நாளா தெரியும்" என்றார்.

அவர் துயரம் என் மனத்தில் முதலில் விழவில்லை என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், அவள் தாளைத் தினமும் பார்த்தவர், என்னிடம் அல்லவா வந்து சொல்லியிருக்கிறார்! வெள்ளிக்கிழமை கூட்டத்தில் முதலாளி முன்னால் நானே இதை எடுத்து வைக்க வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அவரை அனுப்பினேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கூட்டத்தில் முழு விவரத்தோடு பேச வேண்டும் என்ற ஆசையில் புதன்கிழமை ஏஜெண்டுக்கே போன் செய்தேன்.

"அண்ணே, நம்ம ஆளுங்க பாஸ்போர்ட் எல்லாம் உங்க கிட்டயா இருக்கு?"

"பத்திரமா இருக்கட்டும்னு வச்சிருக்கேன் லா. ஏன், யாராச்சும் கேட்டாங்களா?"

"சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

வியாழன் காலை ஆட்களை இறக்கிவிட்ட வேனில் அவர் இல்லை. மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் கையுறை மாட்டினார்கள். ஏஜெண்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். செர்டாங்கில் அட்டைப் பெட்டி தொழிற்சாலையில் ஆள் குறைவு, அங்கே மாற்றிவிட்டேன் என்றான், வெகு சாதாரணமாக.

போனை வைத்தேன். பிறகு எழுந்து போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாய்க்கிழமையே தெரியும் என்பதையும், போன் செய்ததையும். ஏன் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை அவள் கேட்கவும் இல்லை.

"அக்கா, அந்த ஃபேக்டரி உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாமல் என்ன. எங்கள் கம்பெனிப் பெயர் அச்சடித்த பெட்டிகள் அங்கிருந்துதான் வருகின்றன. பதினோரு வருடமாக ஆர்டர் கொடுப்பது நான்தான். ஒரு முறையும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

"அப்ப நீங்கதான் என்னை உள்ள கூட்டிட்டுப் போகணும்" என்றாள்.

என் காரில் போனோம். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். வழியெல்லாம் அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். தொழிலாளர் இலாகாவுக்குப் போன் செய்து விவரம் சொல்லிக்கொண்டு வந்தாளே தவிர என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவளை வெறுக்கச் சுலபமாக இருந்திருக்கும்.

புதிய அளவில் பெட்டி வேண்டும், மாதிரி பார்க்க வந்தோம் என்று நான் சொன்னதும் காவலாளி கேட்டைத் திறந்தார். பெட்டிகளைப் பார்ப்பது போல நடந்து கட்டடத்தின் பின்பக்கம் போனோம். தகரக் கூரை போட்ட தங்குமிடம். கதவில் பூட்டு, வெளிப்பக்கமாக. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். முந்தின இரவு வந்ததுமே எங்கேயும் போகக்கூடாது என்று பூட்டிவிட்டார்களாம்; வேலை நேரத்துக்கு மட்டும்தான் திறப்பார்களாம்.

அவர் முதலில் பார்த்தது என்னைத்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவளைக் கூப்பிட்டு, கம்பியைப் பிடித்தபடி தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். அவள் நாலு வார்த்தை நேப்பாளியில் ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். இரண்டடி தள்ளி நின்றேன். அந்த இடத்தில், அந்த நேரத்திலும், எனக்கு வயிறு எரிந்தது. என்னிடம் வந்தவரை நானே அவளிடம் அனுப்பிவிட்டேன்.

நாமே பூட்டை உடைத்து அவரைக் கூட்டிப் போய்விடலாம் என்றேன்.

"வேணாம் அக்கா. பாஸ்போர்ட் இல்லாம வெளிய வந்தா இவரைத்தான் பிடிப்பாங்க. அதிகாரிங்க வர்ற வரைக்கும் இங்கயே நிப்போம்."

பூட்டைப் படம் எடுத்தாள். என்னைப் பெட்டி விலை பேசச் சொல்லி மேலாளர் அறைக்கு அனுப்பினாள். இரட்டை அட்டையா ஒற்றை அட்டையா என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். மத்தியானம் இலாகா வண்டி கேட்டில் நின்றபோது என் ரவிக்கை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

பூட்டைத் திறந்தார்கள். உள்ளே இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஏஜெண்டின் அலுவலகத்துக்கும் போய்ப் பாஸ்போர்ட்டுகளை எடுத்தார்கள். மறுநாள் எங்களிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். அதிகாரி என்னைக் கேட்டார்: "உங்களுக்கு எப்போ தெரியும்?" செவ்வாய் என்றேன். "இவங்ககிட்ட எப்போ சொன்னீங்க?" வியாழன் என்றேன். அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுதிக்கொண்டார்.

முதலாளி ஏஜெண்டை நிறுத்திவிட்டு ஆட்களை நேரடியாக வேலைக்கு எடுத்தார். பாஸ்போர்ட் அவரவரிடம் இருக்கிறது. பெரியவர் விசாரணை முடியும்வரை இருந்து, பிறகு ஊருக்குப் போனார். போகும் அன்று எல்லோரிடமும் கைகொடுத்தார், என்னிடமும். மன்னிப்புக் கேட்க நினைத்து, மனைவியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவள் இப்போது எனக்கு மேலே இருக்கிறாள். பெட்டி, கயிறு, டயர் என்று எங்களுக்குச் சரக்கு தரும் இடங்களுக்கெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து போகிறோம். அங்குள்ள தங்குமிடங்களில் பெண்கள் அவளைச் சுற்றி நிற்பதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் ஆகாது. போன மாதம் ஒரு கயிறு கிடங்கில் ஒரு பெண் என்னைத் தனியே கூப்பிட்டு, தன் பாஸ்போர்ட்டையும் யாரோ பூட்டி வைத்திருப்பதாகச் சொன்னாள். கார் நிறுத்தும் இடத்துக்குக்கூடப் போகாமல், அந்தப் பெண் பக்கத்தில் நிற்கும்போதே, கிடங்கின் மறுபக்கம் இருந்த என் மேலதிகாரியை, அவளைத்தான், போனில் கூப்பிட்டேன். இதையும் எனக்கென்று வைத்துக்கொள்ள ஆசை வந்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன்.