ஜும்ஆ நேரத்து லைன்

போர் முடிந்த வருடம் காக்கா கல்முனையில் ஒரு நெட் கஃபே நடத்தினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம் அங்கே பெண்களுக்கு. ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள், கடையை அவர் தங்கச்சி நான் பார்ப்பேன். சவூதியில் அன்று லீவு, இன்னும் காலைதான் என்பதால் கணவன்மாரும் அங்கே கணினி முன்னால் வந்து உட்காருவார்கள்.

ஆண்கள் இல்லாத அந்த நேரத்தில்தான் லைன் செத்துக் கிடக்கும். அத்தர் பூசி, தொப்பியைச் சரிசெய்து, பள்ளிக்குக் கிளம்புமுன் கடைக்கு வருகிற ஒவ்வொருத்தனும் தான் இருந்த கணினியில் படம் இறக்கும் டொரண்டை ஓடவிட்டுத் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் போவான். படம் இறங்குவது மட்டுமா, ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் நம் லைனிலேயே ஏறியும் போகும். தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்த கையோடு செய்கிற வேலையா இது? கணினிகளைத் தொடக்கூடாது என்பது காக்காவின் கட்டளை. ரவுட்டரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சாய்ந்தமருதிலிருந்து ஒரு ராத்தா மகளைக் கூட்டிவருவார். சுனாமி கொண்டுபோன வீட்டைத் திரும்பக் கட்டத்தான் அவர் கணவர் சவூதி போயிருந்தார். மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. வாப்பாவும் மகளும் கையால்தான் கதைப்பார்கள். அவளுக்கு டெலிபோன் எதற்கு? திரையில் வாப்பா அசைய வேண்டும். ஒவ்வொரு வெள்ளியும் அவர் அசையாமல் நின்றுவிடுவார், அவள் அழுதபடி வீட்டுக்குப் போவாள்.

ஒரு வெள்ளி எனக்குப் பொறுக்கவில்லை. நிவாரணக்காரர்கள் நடத்திய கணினி வகுப்பில் படித்ததை வைத்து, ரவுட்டரில் டொரண்ட் வரும் வழிகளை மூடினேன். அது வேறு வழியால் நுழைந்தது. எல்லாவற்றையும் மூடி, இணையப் பக்கமும் அழைப்பும் போகிற வழியை மட்டும் விட்டேன். வாப்பாவின் கைகள் ஓடத் தொடங்கின. சிறுமி வீசி வீசி என்னவோ சொன்னாள், அவர் சிரித்தார். ராத்தா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பள்ளி கலைந்தது. "காக்கா, படம் அப்பிடியே நிக்கிது!" என்று ஒருவன் கத்தினான்.

"என்ன புள்ள செஞ்ச?" என்றார் காக்கா என்னிடம்.

"அந்தப் புள்ள வாப்பாவோட கதைக்கிது. கதைச்சி முடியுமட்டும் பொறுங்களன், காக்கா."

"ஊமப் புள்ள என்னத்தக் கதைக்கிற?" என்றான் அத்தர் மணக்க நின்ற ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். காக்காவும் சிரித்தார். இன்றைக்கும் எனக்கு ஆறாதது அந்தச் சிரிப்புத்தான். சிரித்தபடியே நான் போட்ட தடைகளை ஒவ்வொன்றாய் எடுத்துவிட்டார்.

வாப்பா ஒரு கையை நெஞ்சுக்கு நேரே தூக்கியபடி நின்றுபோனார். அதற்கும் ஏதோ பொருள் இருக்கிறதென்று நினைத்தாளோ, சிறுமியும் தன் கையை அதேபோல் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவள் கையை இறக்குமுன், "படம் நூறு வீதமும் வந்திட்டு, காக்கா" என்றான் பின்னால் இருந்தவன்.