“பிரச்சனை எனக்குத்தாம்மா”

ரவுண்ட் ராக் என்ற இந்த அமெரிக்க ஊரில் வீடு வாங்கிய நாளிலிருந்தே குழந்தைக்காகக் காத்திருந்தோம். இரண்டு வருடங்கள் எல்லாச் சோதனைகளும் எனக்குத்தான் நடந்தன. எதிலும் குறையில்லை என்று டாக்டர்கள் சொன்னாலும், என் உடம்புதான் எங்கோ ஏமாற்றுகிறது என்று நம்பினேன். கோயம்புத்தூரிலிருந்து மாமியார் எனக்காக லேகியம் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கசப்பைத் தினமும் காலையில் விழுங்கிவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறப்பேன்.

கடைசியில் கணவருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். இரண்டு முறையும் ஒரே முடிவு. விந்தணுக்கள் மிகக் குறைவு, இருப்பவையும் சரியாக நீந்துவதில்லை. விதைப்பையில் ரத்தக்குழாய்கள் வீங்கியிருப்பதுதான் காரணமாக இருக்கலாம், ஒரு சின்ன ஆபரேஷன் செய்து பார்க்கலாம், ஆனால் பலன் நிச்சயமில்லை என்றார் டாக்டர்.

காருக்கு வந்ததும் கணவர் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். நான் தோளில் கைவைத்தேன். ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. கையால் பொத்தினேன், மூக்கு வழியாக வந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். உண்மையையே சொல்லிவிட்டேன்.

“சாரிங்க. என் மேல தப்பில்லன்னு தெரிஞ்சதும் பறக்கற மாதிரி இருக்கு. உங்களுக்கு இப்படி ஆனதுல சந்தோஷம் இல்ல. ஆனா அடக்க முடியல.”

“இப்ப எனக்கு இருக்கற மாதிரிதான் ரெண்டு வருஷமா தினமும் உனக்கு இருந்துச்சா?”

தலையாட்டினேன். அவர் அழுதார், நானும் அழுதேன். பிறகு, “நீச்சல் கிளாஸ்ல பாதியில நின்னவன் நான். அதுங்க மட்டும் எப்படி நீந்தும்?” என்றார். அதோடு இருவருக்கும் கட்டுப்பாடு போய்விட்டது. பக்கத்துக் காரில் ஏற வந்த பெண்மணி கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டார்.

காரிலிருந்தே கணவர் தன் அம்மாவுக்கு ஃபோன் போட்டார். இப்போதே வேண்டாம் என்று தடுத்தேன். நான் லேகியம் தின்பதை இத்தனை நாள் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது போதும் என்றார். ஸ்பீக்கரில் மாமியார் குரல் கேட்டதும் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“பிரச்சனை எனக்குத்தாம்மா. அவளுக்கு ஒண்ணுமில்ல.”

“அப்ப அந்த லேகியத்த நீ தின்னு சாமி.”

“அது பொம்பளைங்களுக்குத்தாம்மா.”

“இருக்கட்டும். ஒரு வாரம் தின்னு பாரு, அவ பட்டது தெரியும்.” பிறகு என்னிடம், “கசக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?” என்றார்.

ஆபரேஷன் முடிந்த வாரம் நான் லீவு போட்டேன். ஐஸ் ஒத்தடத்துக்கு ஃப்ரோஸன் பட்டாணிப் பாக்கெட்டுகளை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். தவறிப்போய் நான் குருமாவில் போட்டுவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் மார்க்கரால் பெரிய பெருக்கல் குறி போட்டார். தையல் வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று கெஞ்சிவிட்டு, அவரே அடுத்த ஜோக்கை ஆரம்பிப்பார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த டெஸ்ட் ரிசல்ட், இண்டியன் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஃபோனில் வந்தது. எண்ணிக்கை ஏறியிருந்தது. இன்னும் அளவுக்குக் கீழேதான். ஆனால் கருத்தரிப்புச் சிகிச்சையைத் தொடங்க அது போதும் என்று டாக்டர் எழுதியிருந்தார். பக்கத்தில் நின்ற கணவர் என் இடுப்பைப் பிடித்துத் தூக்கியே விட்டார்.

தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான ஆன்ட்டி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, என்ன விசேஷம் என்று ஆவலோடு வந்தார். நான் மழுப்புவதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“கவுண்ட் ஏறியிருக்கு ஆன்ட்டி.”

ஆன்ட்டி என்ன புரிந்துகொண்டாரோ, முகம் மலர்ந்தது. தானும் தினம் பத்தாயிரம் அடி எண்ணி நடப்பதாகவும், ஷூ மட்டும் நல்லதாக வாங்க வேண்டும் என்றும் சொன்னார். எந்தக் கடையில் வாங்கலாம் என்று இவர் பொறுப்பாகக் கேட்டுக்கொண்டார்.