நாயின் கால் கழுவிய நாள்

எங்கள் வீட்டு நாய் குரைக்காது, தின்னாது, நடக்கச் சொன்னால் மட்டும் விழும். கொழும்பில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை செய்த மாமா, தீபாவளிக்கு வந்தபோது பலகாரத்துக்குப் பதிலாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குள் நாலு கால், சின்னச் சின்ன மோட்டர்கள், ஒரு கொத்து வயர். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றையறைக் காம்பராவின் நடுவில் உட்கார்ந்து நானும் அவரும் அதைப் பூட்டி முடித்தோம். லீவு முடிந்து அவர் போனதும் அந்த ரோபோ நாய் எனக்கே எனக்கு என்றானது. எங்கள் லயத்தில் உயிருள்ள நாய்களுக்குக் குறைவில்லை. அவற்றில் ஒன்றுகூட இதைத் தன் இனமென்று ஒப்புக்கொள்ளவில்லை.

அதன் கோளாறெல்லாம் காலில்தான். பாதம் வழுவழுப்பான பிளாஸ்டிக். தீபாவளிக்குச் சிவப்புப் பொலிஷ் போட்ட எங்கள் சீமெந்துத் தரையில் விட்டால் இருந்த இடத்திலேயே ஓடும். பிறகு முன்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விலகிக் குப்புற விழும். அப்பா வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டு, "என்னடி, ஒன் நாயி சாராயம் குடிச்சிருக்கா?" என்று கேட்டுச் சிரிப்பார். எனக்கு அழுகை வரும்.

அப்போது நான் ஹட்டனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் தரம் ஏழு படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பாதிப் பேர் டவுன் கடைக்கார வீட்டுப் பிள்ளைகள். நான் எழுந்து பதில் சொன்னால் பதிலைவிட்டுவிட்டு என் சப்பாத்தைத்தான் பார்ப்பார்கள், எங்கேயாவது சேறு ஒட்டியிருக்கிறதா என்று. பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சி வரப்போகிறது, முதலாவதாக வருகிறவரைக் கண்டியில் நடக்கும் போட்டிக்கு அனுப்புவோம் என்று டீச்சர் சொன்னதும் என் மனசில் நாய் ஓடத் தொடங்கிவிட்டது. சாய்த்து வைத்த பலகையில் அது ஏறிக் காட்ட வேண்டும். அவ்வளவு பேரும் வாயைப் பிளக்க வேண்டும். அந்த வயதில் எனக்கு வேறு ஆசையே இல்லை.

பழைய செருப்பை வெட்டி ஒட்டினேன். தடிப்பு அதிகமாகித் தன் காலே தடுக்கி விழுந்தது. பலூனை மாட்டினேன், கிழிந்தது. சைக்கிள் டியூபை வெட்டிச் சொலுஷன் போட்டு ஒட்டியபோது கொஞ்சம் பிடித்தது. அந்த ரப்பரைத் துணி துவைக்கிற கல்லில் தேய்த்துச் சொரசொரப்பாக்கியதும் இன்னும் பிடித்தது. ஆனாலும் பலகையின் பாதியில் பின்பக்கமாகச் சரிந்தது. மாமாவுக்குப் போன் எடுத்தேன். "பாரம் பின்னால இருக்குடி. பெட்டரிய நடுவுக்குத் தள்ளு, அப்பத்தான் நாலு காலும் ஊனும்" என்றார். தள்ளினேன். பலகைமேல் வழுவழுப்பான டைல் துண்டை வைத்து நாயை விட்டபோது, மெள்ள மெள்ள, கிழவர் படியேறுவதைப்போல, உச்சிவரைக்கும் ஏறிவிட்டது. அப்பா சிரிக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

ரப்பரில் தூசி ஏறினால் மட்டும் வழுக்கும். ஆகவே அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன், "நாய் காலு எப்பவும் சுத்தமா இருக்கணும்மா." அம்மா தலையாட்டினாள்.

கால் விஷயத்தில் அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கொழுந்து பறிக்கிறவள், மலையில் இருக்கும்வரை சேறோ அட்டைக்கடியோ அவளுக்கு ஒரு பொருட்டில்லை. டவுனுக்குப் போகும் நாளில் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். பீலித் தண்ணீரில் நின்று தேங்காய் நார்த் தும்பால் என் காலைத் தோல் உரியத் தேய்ப்பாள், பிறகு தன் காலை. வெடிப்புக்குள் படிந்த கறுப்பு எந்தத் தும்புக்கும் போகாது. அதை மறைக்கத் தேங்காயெண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவாள். அப்படிப் போயும் ஹட்டனில் டைல் பதித்த கடைகளுக்குள் ஏறமாட்டாள். படியிலேயே நின்று வேண்டியதைச் சொல்லி வாங்குவாள். அவளுக்குக் கூச்சம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

கண்காட்சியன்று அம்மா வேலைக்குப் போகாமல் என்னோடு வந்தாள். முறை வந்ததும் பலகையைச் சாய்த்து, டைலைத் துடைத்து, நாயை விட்டேன். ஓர் அடி வைத்தது. நாலு காலும் நாலு திசைக்குப் போய், வயிறு தட்டக் கீழே வழுக்கி, மேசையிலிருந்து உருண்டு பரிசு கொடுக்க வந்து முன்னால் உட்கார்ந்திருந்த சேரின் மடியில் விழுந்தது. மண்டபமே சிரித்தது. மறுபடியும் விட்டேன், மறுபடியும் அதேதான். சேர் பாதத்தைத் தொட்டுப் பார்த்து விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"தேங்காயெண்ணெய் மணக்குதே! யாரும்மா இதுக்கு எண்ணெ தேச்சது?"

நான் இல்லை என்று காட்டிவிட வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது. கதவருகே நின்றவளை நோக்கிக் கையை நீட்டி, "எங்கம்மாதான் சேர், அதுக்கு ஒண்ணுந் தெரியாது" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அத்தனை தாய்மாரும் செருப்போடு உள்ளே வந்திருக்க, அம்மா மட்டும் தன் செருப்பை வாசலில் கழற்றிவைத்திருந்தாள். அந்த வெள்ளை டைலின்மேல் அவளுடைய பாதங்களும் எண்ணெய் மினுக்கத்தோடு தெரிந்தன. யாரோ ஒரு பிள்ளை அதைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளையை இடித்தது. அம்மா சேலையை இழுத்துவிட்டுக் காலை மூடிக்கொண்டாள். எனக்கு நாய் விழுந்ததைவிட அவளைப் பார்க்கத்தான் அதிக வெட்கமாக இருந்தது. அப்படி வெட்கப்பட்டதை நினைத்து இன்றைக்கு வெட்கப்படுகிறேன். இதற்கு மட்டும் எந்தத் திருத்தமும் கண்டுபிடிக்க முடியவில்லை.

டவுன் பிள்ளையொன்றின் மின்சார மணி கண்டிக்குப் போனது. நாங்கள் பஸ்ஸில் வீடு திரும்பினோம். அம்மா, என் மடியிலிருந்த நாயின் காலைத் தன் முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள்.

"பளிச்சுனு இருந்தா யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்டி."

"அத யாரும்மா என்ன சொல்லப் போறாங்க? அதுக்கென்ன ரோசமா இருக்கு?" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அம்மா துடைப்பதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோட்டத்துச் சந்தியில் இறங்கி அவள் காலைப் பார்க்கும்வரை, அவள் நாயைப் பற்றித்தான் பேசினாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.