பருத்தி நூலில் பின்னி வெட்டிய ஸ்வெட்டர்

எங்கள் வாட்ஸ்அப் பின்னல் குரூப்பை நடத்துகிற அம்மா, தனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னார். அதை நம்பி நான் ஒரு ஸ்வெட்டரைப் பாழாக்கினேன்.

என் தங்கைக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். உக்கடத்தில் பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். மெஷின் ஓட ஆரம்பித்த அரைமணி நேரத்தில் அவளுக்குக் குளிரெடுக்கும். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. தலைவழியாக மாட்டுவது எதுவும் ஆகாது. முன்பக்கம் திறப்பு இருந்தால் ஒரு கையை மட்டும் நுழைத்து, மறுபக்கத்தைத் தோளில் போர்த்திவிடலாம். கம்பளி பட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அதனால் பருத்தி நூல் வாங்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் குரூப்பில் புது முறை ஒன்றின் வீடியோ வந்தது. வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னி, உடம்புப் பகுதியைக் குழாய் மாதிரி முடித்துவிட்டு, முன்பக்கம் கத்தரியால் மேலிருந்து கீழே வெட்டித் திறப்பது. "பருத்தி நூல்ல செய்யலாமுங்களா?" என்று கேட்டேன். "எந்த நூலா இருந்தா என்னங்க அம்மணி, தைரியமா வெட்டுங்க" என்று அந்த அம்மாவிடமிருந்து பதில் வந்தது.

எனக்குத் தைரியம் சொல்ல வேண்டியதே இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் நின்றவள் நான். அங்கே மெஷினிலிருந்து துணி குழாயாகத்தான் வரும். நீளவாக்கில் வெட்டி விரிப்பது எங்களுக்குத் தினப்படி வேலை. எனக்கா பயம்? சின்னத் துண்டு ஒன்று பின்னி வெட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அது என் திமிர்.

இரண்டு மாதம் பின்னியதை வெட்டினேன். மெஷின் துணியில் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், பொடியாக, இறுக்கமாக இருக்கும். என் கைக்கண்ணி பெரிது. கம்பளி இழை சுணையோடு இருக்கும், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பருத்தி வழுக்கும். இதெல்லாம் பிறகுதான் புரிந்தது. தையல் மெஷினில் ஓரம் அடிப்பதற்குள் இரண்டு பக்கமும் நாலு விரல் அகலத்துக்குக் கண்ணி விட்டுப் போயிருந்தது.

தங்கை தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "ஏக்கா, இது எனக்கா, கோழிக்கூண்டுக்கா?" என்று சிரித்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினாள்.

பக்கத்தில் உட்கார்ந்து நாலு மணி நேரம் யோசித்தேன். 'தெரியாதுங்க' என்று சொன்னால் அந்த அம்மாவுக்கு என்ன குறைந்துவிடும்? அப்புறம் ஞாபகம் வந்தது. கம்பெனியில் புதிதாக வந்த பெண்கள் கேட்டபோது நானும் ஒரு நாளும் தெரியாது என்று சொன்னதில்லை. யாருடைய துணி பாழானது என்று விசாரித்ததும் இல்லை.

அதற்காக இதை விட முடியாது. பாழான ஸ்வெட்டரின் படத்தோடு குரூப்பில் கேட்டேன். அந்த அம்மா கேள்வியை அழித்துவிட்டார். தனியாக ஒரு செய்தி வந்தது: "ஏனுங்க அம்மணி, இதையெல்லாம் குரூப்ல போட்டுகிட்டு. நாம தனியாப் பேசிக்கலாமுங்க."

தனியாக வேண்டாம். வெட்டச் சொன்னது எல்லோர் முன்னாலும்தானே? தங்கைக்காக அதே நூலில் மறுபடியும் பின்ன உட்கார்ந்திருக்கிறேன். வெட்டுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரிய வேண்டும். குரூப்பை நடத்துகிற அம்மா, பருத்தியில் பின்னியதை உங்கள் கையால் ஒரு தடவையாவது வெட்டியிருக்கிறீர்களா? ஆமாவா, இல்லையா என்று குரூப்பில், எல்லோரும் பார்க்கப் பதில் சொல்லுங்கள்.